வாடகை வாங்காத ஹாஜியார்

றமீஸாவுக்கு வாய் நீளம் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. மாத்தளையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற ஒரு கடையின் பின்பக்கத்தில், சுளகும் கையுமாகக் காலத்தைப் போக்கியவள் அவள். மிளகுத் தூசி மூக்கில் ஏறுகிற இடத்தில் எவரும் அதிகம் பேசமாட்டார்கள். அப்படிப்பட்டவள் தன் வாழ்நாளில் இரண்டே இரண்டு தடவைதான் நாலு பேர் கேட்கச் சத்தமாகப் பேசினாள். இரண்டும் மையித்து வீட்டில், சாவு விழுந்த இடத்தில். முதல் தடவை பேசியது நல்ல வார்த்தை. அந்த நல்ல வார்த்தைதான் அவளைப் புருசனோடு சேர்த்துத் தெருவில் விட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தன் பாட்டுக்குக் கத்திக் கெடுகிறது. இவள் அடுத்தவர் மானத்துக்காகக் கத்திக் கெட்டாள்.

அவள் புருசன் கலந்தர், தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி. விடிவதற்கு முன்னால் மரக்கறி லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு போவார். கோவா மூட்டை, கரட் மூட்டை, வெங்காய மூட்டை என்று பகல் முழுக்க முதுகில் ஏற்றி இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது வளைந்துபோய் வந்து சேருவார். பேச்சு குறைவு. கோபம் அதைவிடக் குறைவு. ஒரே மகள் மர்வாவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவள் உக்குவளையில் மாமியார் வீட்டின் ஒரு மூலையில் இரண்டு பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு கிடக்கிறாள். அங்கே இன்னும் ஒரு பாய் விரிக்க இடமில்லை.

இவர்கள் இருந்தது ஜுனைதீன் ஹாஜியார் வீட்டின் பின்பக்கம். ஓர் அறை, ஒரு குசினி, முற்றத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது சரிதான். ஆனால் சுளகு புடைக்கிறவளும் மூட்டை தூக்குகிறவனும் மாத்தளை டவுனில் தனி வளைக்கு எங்கே போவார்கள்? கல்யாணம் முடித்து மர்வா கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவர்கள், அவள் கைக்குழந்தையோடு வந்து போகிற காலம் வரைக்கும் அங்கேயே இருந்தார்கள்.

ஹாஜியார் நல்ல மனிதர்தான். அதில் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. கூரை ஒழுகுகிறது என்றால் "இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்" என்பார். அடுத்த மழைக்கும் அதே இன்ஷா அல்லாஹ்தான். ஆனால் வீட்டை விடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கலந்தர் லொறியிலிருந்து விழுந்து முதுகு பிடித்துப்போய்ப் படுத்திருந்த காலத்தில், வாடகை எங்கே என்று வாய்திறந்து கேட்கவில்லை. கலந்தர் எழுந்து நடமாடிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதையும் கொடுத்து முடித்தார். கொடுத்ததை ஹாஜியாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாடகையை வாங்குவது ஹாஜியாரின் மனைவி நளீமா மாமி. அது ஒரு தனி நடைமுறை. மாதம் பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரத்தில், றமீஸா முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். மாமி அதை வாடகை என்றோ, ஊர்ப் பேச்சில் சொல்வதுபோலக் கூலி என்றோ சொன்னதே இல்லை. "அதக் கொண்டந்தியா?" என்பாள், அவ்வளவுதான். எண்ணிப் பார்க்காமல் வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பாள். எண்ணினால் வீட்டுக்காரி, எண்ணாவிட்டால் சொந்தக்காரி. மாமி சொந்தக்காரியாக இருக்கவே விரும்பினாள். றமீஸாவுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ரசீது கேட்பதென்றால் அந்த பிளேன்டீயை மாமியின் முகத்தில் ஊற்றுவது போல. யார் கேட்பார்?

ஹாஜியார் ஒரு நாள் விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து சாய்ந்தவர் எழும்பவில்லை.

மையித்து வீட்டில் முற்றம் கொள்ளாத ஆண்கள். கட்டாரில் வேலை செய்கிற மகன் றினோஸ் விமானம் பிடித்து வந்து சேர்ந்திருந்தான். ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன்னால், வழக்கப்படி அவன் எழுந்து நின்று, "எங்க வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தா என்னப் புடிச்சுக்கோங்க. யாரையாவது நோவினை செஞ்சிருந்தா மாப்புச் செஞ்சிடுங்க" என்று கேட்டான். உள்ளே பெண்கள் பக்கத்தில் நளீமா மாமி அதையே அழுது அழுது கேட்டாள். மையித்தைப் பற்றி நாலு பேர் நல்ல சாட்சி சொன்னால் அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வான் என்பது நம்பிக்கை. ஆகவே ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்தி நோன்புக்குக் கொடுத்த அரிசியைச் சொன்னாள். இன்னொருத்தி மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த புடவையைச் சொன்னாள். பக்கத்து வீட்டு றுக்ஸானா, தன் மகனை ஹாஜியார் தன் வாகனத்தில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொல்லி அழுதாள்.

பிறகு எல்லாக் கண்களும் றமீஸாவின் பக்கம் திரும்பின. பின்வீட்டுக்காரி அல்லவா, அவளிடம்தானே அதிகம் இருக்க வேண்டும்? அவள் என்னத்தைச் சொல்வாள்? "மாசா மாசம் கூலி குடுத்தோம், அவங்களும் சரியா வாங்கிக்கிட்டாங்க" என்று மையித்தின் தலைமாட்டில் சொல்ல முடியுமா? கேட்காமல் பொறுத்த அந்த மாதங்கள் அவள் நெஞ்சில் வந்து முட்டின. அழுகையும் முட்டியது. என்ன சொல்கிறோம் என்று நினைக்கும் முன்னமே வாய் சொல்லிவிட்டது.

"இத்தன வருசமா ஒரு சதம் கூலி வாங்காம எங்கள வச்சிருந்த மனுசன்! அல்லாஹ் அவருக்கு சுவர்க்கத்துல வீடு குடுக்கட்டும்!"

பெண்கள் ஓவென்று அழுதார்கள். நளீமா மாமி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமிக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் பிடியில் நன்றிதான் இருந்தது. "நாங்க அறியல்லயே!" என்று றுக்ஸானா மார்பில் கை வைத்துக்கொண்டாள். பேச்சு கதவைத் தாண்டி முற்றத்துக்குப் போயிற்று. துஆ ஓதிய ஆலிம், ஏழைகளைக் கூலி வாங்காமல் குடிவைத்தவர் என்று அதையும் சேர்த்து ஓதினார். றினோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். சின்ன வயதிலேயே வெளியூர் மதரஸாவுக்கும் பிறகு வெளிநாட்டுக்கும் போன பிள்ளை. வாப்பாவின் இந்தப் பெருமை அவனுக்கும் புதிதுதான்.

அடக்கம் முடித்து வந்த கலந்தர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நீ சொன்னியாமே?"

"ஓம். அதுக்கென்ன? மையித்து வீட்டுப் பேச்சுத்தானே. யாருக்கு என்ன நட்டம்?"

"அப்ப நான் என்னத்துக்குப் புள்ள இத்தன காலம் மூட்ட தூக்கினேன்?" என்றார் கலந்தர். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்பவர் போலக் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். றமீஸாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்ன சொல்லை அள்ளவா முடியும்?

மாமி இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் றமீஸாதான் அவளுக்குக் கை கால். புருசனை இழந்தவள் அந்தக் காலம் முடிகிற வரைக்கும் வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். றமீஸா கடையிலிருந்து வந்த கையோடு மாமிக்குச் சோறாக்கினாள், துணி தோய்த்தாள், தைலம் தேய்த்துவிட்டாள். அந்த மாதங்களிலும் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. மாமியும் தவறாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

இத்தா முடிந்ததும் றினோஸ் மறுபடியும் வந்தான், இந்த முறை கையில் வீட்டுப் படத்தோடு. பின்வீட்டை உடைத்து மூன்று மாடி எழுப்பி, வாசனைத் திரவியத் தோட்டம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அறை விடப்போகிறானாம். மரியாதையாகத்தான் சொன்னான்.

"வாப்பா இவ்வளவு காலமும் உங்கள சும்மா வச்சிருந்தாங்க. நானும் ரெண்டு மாசம் சும்மாவே தாரேன். ஆறுதலா ஒரு எடம் பாருங்க, மாமா."

கலந்தர் றமீஸாவைப் பார்த்தார். பையன் நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறான் என்பது இருவருக்கும் விளங்கியது. நடித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

அந்தக் காலத்தில்தான் மாத்தளை மாநகர சபை ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. டவுனில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது, பழைய குடிகளைக் கிளப்பிவிட்டு எல்லோரும் கடையும் ஹோட்டலும் கட்டுகிறார்கள், ஏழைகள் எங்கே போவது என்று சபையில் யாரோ புண்ணியவான் கேட்டிருக்க வேண்டும். பலாபத்வலப் பக்கம் சபைக் காணியில் மாடி வீடுகள் கட்டினார்கள். பத்து வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தவர்களுக்கு முதலிடம், வாடகையும் கைக்கெட்டிய அளவில். அந்த வீடு கையில் கிடைக்கும் வரை பழைய வீட்டுக்காரர் அவர்களைக் கிளப்பவும் கூடாது. திரீவீலில் ஒலிபெருக்கி கட்டி இரண்டு பாஷையிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். ஏழைகளிடம் உடன்படிக்கையும் ரசீதும் இருக்காது என்று சபைக்கே தெரிந்திருந்தது. அதனால் வீட்டுக்காரர் வாயால் சொன்னால் போதும், அல்லது அயலவர் இரண்டு பேர் சொன்னால் போதும் என்று வைத்தார்கள். இதைவிட ஒரு சட்டம் ஏழைக்கு எப்படி இறங்கிவர முடியும்?

பதிவு எடுக்க வந்தவள் சுதர்சினி. சபை உத்தியோகத்தர், தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளை. ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்களும் லயத்துல ஒரு காம்பிராவுக்குள்ள ஏழு பேர் இருந்தவங்கதாம்மா" என்றாள். "பயப்படாதீங்க. விசாரணைக்கு வாறப்ப ரெண்டு பேரு சொன்னா சரி. உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும்."

அடுத்த ஞாயிறு இருவரும் பஸ்ஸில் போய் அந்த மாடி வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுண்ணாம்பு பூசி முடிந்திருந்தது, கதவு மாட்டவில்லை. காவல்காரன் உள்ளே போய்ப் பார்க்க விட்டான். கலந்தர் கீழ்த்தட்டு வீடொன்றுக்குள் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"மாடி ஏறேலாது எனக்கு. கீழ் வீடுதான் கேக்கணும். கட்டில இப்படிப் போடலாம் புள்ள, ஜன்னல் பக்கமா" என்றார். குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் இன்னும் வரவில்லை. "நமக்கு மட்டும் ஒரு பைப்பு" என்று சிரித்தார். அவர் சிரித்து றமீஸா பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. மர்வாவைப் பிள்ளைகளோடு நோன்புப் பெருநாளைக்குக் கூப்பிட வேண்டும் என்று அவள் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள்.

விசாரணை ஹாஜியார் வீட்டு முன்ஹோலில் நடந்தது. மாமி சாய்வு நாற்காலியில், பக்கத்தில் றினோஸ். றுக்ஸானாவும் எதிர்வீட்டு ஸஜீதாவும் அயலவர் சாட்சிக்கு. கலந்தர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவங்க எத்தன வருசமா இங்க கூலிக்கு இருக்காங்க?" என்று சுதர்சினி றுக்ஸானாவைக் கேட்டாள்.

றுக்ஸானா கெட்டவள் அல்ல. மர்வா கைக்குழந்தையாக வந்த நாளிலிருந்து பார்த்தவள். ஆனால் அவள் மாமியைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய ஹாஜியாரின் தொப்பியைப் பார்த்தாள்.

"கூலிக்கு இல்ல மிஸ். ஹாஜியார் சும்மா வச்சிருந்தாங்க. நான் சொல்லல்ல, இவவே சொன்னா. மையித்துக்குப் பக்கத்துல இருந்து சொன்னா, நாங்க எல்லாரும் கேட்டோம்."

ஸஜீதாவும் தலையாட்டினாள்.

"அது நான் சும்மா சொன்ன மிஸ்" என்றாள் றமீஸா மெதுவாக. "மையித்து வீடு... ஒரு நல்லது சொல்லோணும்னு சொன்னேன். நாங்க மாசா மாசம் குடுத்தோம்."

"அப்ப மையித்துக்குப் பக்கத்துல இருந்து பொய்யா சொன்ன?" என்றாள் றுக்ஸானா. உண்மையிலேயே திடுக்கிட்டுத்தான் கேட்டாள்.

"ஓம். பொய்தான் சொன்னேன்."

றினோஸின் முகம் சிவந்தது. "வாப்பாட பேர இப்ப வீட்டுக்காக விக்கிறீங்களா?" என்று கேட்டான்.

அப்போதுதான் கலந்தர் பேசினார். "மாமி கையிலதான் குடுத்தது. மாமி சொல்லட்டும். மாமி சொன்னா நாங்க ஏத்துக்கிறோம்."

நளீமா மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் ஊர், மேலே புருசனுக்காக ஆலிம் ஓதிய துஆ. அவள் உண்மையைச் சொன்னால் ஹாஜியாரின் பேர் என்னாவது? "கூலி வாங்கினவர்" என்பதில் ஒரு பாவமும் இல்லைதான். ஆனால் வாங்காதவர் என்று ஊர் முழுக்க அழுதாகிவிட்டதே, இனி அவரை எப்படிக் கீழே இறக்குவது?

"அவ எனக்குப் புள்ள மாதிரி, மிஸ்" என்றாள். "புள்ளகிட்ட யாராவது கூலி வாங்குவாங்களா?"

"அம்மா, வாங்கினீங்களா வாங்கல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

"வாங்கல்ல."

இத்தாவில் மாமியின் காலுக்குத் தைலம் தேய்த்த கையை றமீஸா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியின் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் வாயின் மேல் வந்த ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

வாசலில் வைத்து சுதர்சினி அவள் தோளைத் தொட்டாள். "நீங்க சொல்றதுதான் நெசம்னு எனக்கு வெளங்குதும்மா. ஆனா எனக்கு வெளங்குறத நான் எழுத ஏலாது. சும்மா இருந்தவங்கன்னா சட்டத்துக்கு நீங்க விருந்தாளி. விருந்தாளிய எப்ப வேணும்னாலும் போகச் சொல்லலாம்." அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கிடைத்த இடம் பலாபத்வலவில், பெருந்தெருவோரம் ஒரு டயர் கடையின் பின்னறை. வாடகை பழையதைவிட இரண்டு மடங்கு. யாழ்ப்பாணப் பக்கமும் தம்புள்ளைப் பக்கமும் போகிற லொறிகள் கடக்கும்போதெல்லாம் தகரம் அதிரும், றப்பர் நாற்றம் சோற்றில்கூட இருக்கும். விதியைப் பாருங்கள், அந்த அறையின் வாசலில் உட்கார்ந்தால் சபையின் மாடி வீடுகள் நேர் எதிரே தெரியும். ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். கீழ்த்தட்டு வீட்டு ஜன்னலில் யாரோ நீலத் திரை போட்டார்கள். கலந்தர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழைக்காலம் வந்தது. அறையின் ஈரம் அவர் முதுகில் இறங்கி, பிறகு நெஞ்சில் இறங்கியது. மூட்டை தூக்கப் போகிறதும் நின்றது.

ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் மவுத்தானா, சும்மா இருந்தவன்னு மட்டும் யாரையும் சொல்ல விட்டிடாத புள்ள."

"வாய மூடுங்க" என்றாள் அவள். அவ்வளவு காலம் கழித்து அவர் அதை எடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவளால் சோறு தின்ன முடியவில்லை.

அந்த மழை முடிவதற்குள் கலந்தர் மௌத்தானார்.

மையித்தை வைக்க அறை போதவில்லை. டயர்களை ஒதுக்கிவிட்டுக் கடைக்குள்ளேதான் கிடத்தினார்கள். மர்வா தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தாள். மாத்தளையிலிருந்து ஒரு திரீவீலில் நளீமா மாமியும் றுக்ஸானாவும் வந்து இறங்கினார்கள். மாமி தளர்ந்துபோயிருந்தாள். மையித்தின் பக்கத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அது பொய் அழுகை இல்லை. பிறகு, எல்லோரும் சொல்வதுபோல அவளும் நல்ல சாட்சி சொன்னாள்.

"தங்கமான மனுசன். எங்க வீட்டுல எங்க சொந்தம் மாதிரியே இருந்தவரு..."

"கூலி குடுத்து இருந்தவரு, மாமி" என்றாள் றமீஸா.

அழுகைச் சத்தம் நின்றது. லொறி ஒன்று தகரத்தை அதிரவைத்துக் கடந்து போயிற்று.

"இது என்ன நேரம் றமீஸா..." என்று றுக்ஸானா தொடங்கினாள்.

"இதுதான் நேரம். நல்ல சாட்சி சொல்ல வந்தீங்க, சொல்லுங்க. என் புருசன் ஓசியில கெடந்தவரில்ல. இந்த முதுகு ஒடஞ்சது உங்க கூலிக்கு. மையித்து முன்னுக்குக் கெடக்குது மாமி. குடுத்தாரா இல்லயா?"

நளீமா மாமி கலந்தரின் முகத்தைப் பார்த்தாள். "குடுத்தார்" என்றாள்.

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

"மாசா மாசம் குடுத்தார். நான்தான் வாங்கினேன். என் கையால வாங்கினேன்." மாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "என்ன மாப்புச் செய்யி மகள்."

மாப்புச் செய்தேன் என்று றமீஸா சொல்லவில்லை. சொல்லவில்லை என்று யாரும் அவளைக் குறை சொல்லவும் இல்லை. றுக்ஸானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆண்கள் மையித்தைச் சுமக்கிற சந்தூக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். கலந்தரைத் தூக்கினார்கள். அவ்வளவு மூட்டை தூக்கிய மனிதரில் பாரமே இருக்கவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மர்வா உம்மாவுக்கு வெள்ளை உடுத்திவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். றமீஸா இத்தா இருக்கப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இனி நாலு மாதமும் பத்து நாளும் அவள் அந்த வாசலைத் தாண்ட முடியாது, சுளகைத் தொட முடியாது. டயர் கடைக்காரர் நல்ல மனிதர்தான், அன்றைக்கு வாடகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாதம் பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது.